கண்ணை மூடாத ரசிகைகள்

மோட்டார்ப் பந்தயம் வருகிற கதைகளிலும் சினிமாப் படங்களிலும் தவறாமல் ஒரு பெண் வருவாள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கையில் கைக்குட்டை இருக்கும். கார்கள் வளைவுக்கு வரும்போது கைக்குட்டை வாய்க்குப் போகும். கதாநாயகனின் கார் கொஞ்சம் தடுமாறினால் போதும், கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பந்தயம் முடிந்த பிறகு அவளிடம் போய், 'யார் எந்த வளைவில் யாரை முந்தினான்?' என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஆசிரியருக்கும் அது வேண்டியதில்லை. பந்தயம் பார்ப்பதற்காக அவளை அவர் அழைத்து வரவில்லை. பயப்படுவதற்காக அழைத்து வந்திருக்கிறார். எந்த இடத்தில் நாம் பயப்படவேண்டும் என்று அடையாளம் காட்ட அவள் முகம் அவருக்கு உபயோகப்படுகிறது.

இந்தப் பெண் பொய் என்பது என் கட்சி. அதுவும் சோம்பேறித்தனத்தில் பிறந்த பொய். அமெரிக்காவில் மண் தடங்களில் நடக்கிற கார்ப் பந்தயங்களுக்கு வாரந்தோறும் போய் வருகிற பெண்கள் உண்டு. தடத்தின் ஓரத்தில் காமிராவும் கையுமாக நிற்கிற பெண்களும் உண்டு. அவர்கள் எடுத்த படங்களைக் கொஞ்ச காலமாகப் பார்த்து வருகிறேன். அவற்றைப் பார்த்த பிறகு கைக்குட்டைக்காரியை நம்ப முடியவில்லை.

அவளைப் பெற்றவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1932-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'தி க்ரௌட் ரோர்ஸ்' என்ற படம் இருக்கிறது. ஹாக்ஸ் சாமானியப்பட்ட டைரக்டர் அல்ல. இளம் வயதில் பந்தயக் கார் ஓட்டிப் பார்த்தவர். நிஜமான பந்தயக்காரர்களைப் படத்தில் நடிக்க வைத்தார். ஒரு கார் தீப்பற்றி எரிந்து அதில் ஒருவன் சாகிறான். மற்றவர்கள் அந்தப் புகைக்குள்ளாகவே சுற்றுக்குச் சுற்று ஓட்டிப் போகவேண்டியிருக்கிறது. இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் காட்சி வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அதே படத்தில் வரும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் ட்வோராக் நடிக்கும் பெண் ஜேம்ஸ் காக்னியிடம் அன்பு வைத்துவிட்டு ஏங்குகிறாள். ஜோன் ப்ளாண்டல் நடிக்கும் பெண் அவன் தம்பியைப் பழிவாங்குவதற்காக மயக்கப் போய்த் தானே மயங்கிவிடுகிறாள். இருவரில் ஒருத்திக்காவது கார் என்றால் பிடிக்குமா, பிடிக்காதா? படம் முழுவதும் பார்த்தாலும் தெரியாது. கேள்வியே எழவில்லை. கார்களைப் பற்றி இவ்வளவு தெரிந்த டைரக்டர், கார்களைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே விட்டுவிட்டார்.

1950-இல் வந்த 'டு ப்ளீஸ் எ லேடி' இன்னும் சுவாரசியமான தவறு. கிளார்க் கேபிள் சிறு ரகக் கார்களை ஓட்டுகிற முரட்டுப் பந்தயக்காரன். பார்பரா ஸ்டான்விக் பெரிய பத்திரிகை எழுத்தாளி. ஒரு பந்தயத்தில் இன்னொருவன் சாகிறான். கேபிள்தான் காரணம் என்று அவள் எழுதுகிறாள். அவன் பிழைப்புப் போகிறது. ஆரம்பம் எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்! ஒரு பெண் பந்தயத்தைப் பார்க்கிறாள். பார்த்ததை எடைபோட்டு நாலு பேர் படிக்க எழுதுகிறாள். அவள் சொல்லுக்கு ஒருவன் பதில் சொல்லியாகவேண்டும். இதைக் கடைசி வரை கொண்டு போயிருந்தால் அது ஒரு படம். ஆனால் பாதியிலேயே கேபிள் அவளை அறைகிறான். அதற்குப் பிறகு அவள் பார்ப்பது தடத்தை அல்ல, அவனை. இண்டியானாபோலிஸில் கடைசிப் பந்தயம் நடக்கும்போது மற்றவர்கள் வைத்திருக்கிற அதே முகத்தை அவளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எழுத்தாளியாக உள்ளே வந்தவளைக் கைக்குட்டைக்காரியாக்கி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்கர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நம் கதைகளில் மஞ்சுவிரட்டு வந்தாலும் இதே பெண் தாவணி முனையைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். சி. சு. செல்லப்பா 'வாடிவாசல்' எழுதியபோது அவளை வாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார். அவருடைய பிச்சி காளையை அணைய வந்தது தகப்பனுக்காக, காதலிக்காக அல்ல. அதனால்தான் காளையை நம்மால் பார்க்க முடிந்தது. அந்தப் பெண்ணை வெளியே அனுப்பியது நல்ல காரியம். ஆனால் அது பாதிக் காரியம்தான். மாட்டைப் பார்க்கத் தெரிந்த பெண் ஒருத்தியை உள்ளே விட்டுப் பார்த்தவர் இன்னும் நம்மிடம் இல்லை.

மண் தடம் என்றால் என்ன என்று தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது விளங்காது. புழுதி பறக்கும் வண்டிப் பாதை என்று நினைத்துவிட வேண்டாம். களிமண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, இறுக்கி, வளைவுகளில் சரிவு கொடுத்துச் செய்கிற நீள்வட்டத் தடம். பல ஊர்களில் இவை ஜில்லாப் பொருட்காட்சி மைதானத்தில் குதிரைப் பந்தயத்துக்காக அமைந்தவை. குதிரை போய்க் கார் வந்தது. அயோவா மாகாணத்தில் நாக்ஸ்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே அரை மைல் சுற்றளவில் கரிய களிமண் தடம். 1961 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அங்கே ஸ்பிரிண்ட் கார்களின் பெரிய பந்தயம் நடக்கிறது. அந்த நாட்களில் ஊர் ஜனத்தொகையைப் போல இரண்டு மூன்று பங்கு கூட்டம் தடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஒஹையோவில் ராஸ்பர்க் அருகே எல்டோரா என்ற தடம். 1954-இல் அதை வெட்டியவர் எர்ல் பால்டெஸ். அவர் ஒரு வாத்தியக்காரர். பக்கத்திலேயே நடன மண்டபம் வைத்திருந்தார். பாட்டுக்காரர் களிமண்ணில் இறங்கியது எப்படி என்பது தனிக் கதை.

ஸ்பிரிண்ட் கார் என்பது ஒரு விசித்திரமான பிராணி. அதற்குப் பாட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னாலிருந்து லாரி தள்ளினால்தான் உயிர் வரும். உயிர் வந்துவிட்டால் சுமார் 900 குதிரைச் சக்தி. ஓட்டுகிறவனையும் சேர்த்து எடை 1,400 பவுண்டுதான். தலைக்கு மேலே கூரை மாதிரி ஒரு பெரிய இறக்கை. காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதற்கு. வலது பின்சக்கரம் இடது பின்சக்கரத்தைவிடப் பெரிது. கார் தானாகவே இடது பக்கம் திரும்ப ஆசைப்படும். நாக்ஸ்வில்லில் நேரம் குறிக்கும் ஓட்டத்தில் அரை மைலைப் பதினைந்து வினாடிக்கும் குறைவாகச் சுற்றிவிடுகிறார்கள். மணிக்கு 120 மைலுக்கு மேல் என்று கணக்காகிறது. அதுவும் வளைவுகளையும் சேர்த்து.

வளைவில் நடப்பதுதான் இந்தப் பந்தயத்தின் உயிர். கார் இடது பக்கம் திரும்புகிறது. ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். பின்புறம் வெளியே சறுக்குகிறது. அந்தச் சறுக்கலைத் தடுப்பதில்லை, அதைக் கையாளுகிறான். காரைத் திருப்புவது ஸ்டியரிங் என்பதைவிட ஆக்ஸிலரேட்டர் என்று சொல்வதே பொருந்தும். முன்சக்கரங்கள் ஒரு திசையைப் பார்க்கின்றன, கார் வேறு திசையில் போகிறது, நெஞ்சு இரண்டுக்கும் நடுவில். இதை முதன்முதலில் பார்க்கிறவர்கள் கார் கட்டுத் தப்பிவிட்டது என்றே நினைப்பார்கள். கைக்குட்டைக்காரி கண்ணை மூடிக்கொள்ளும் இடம் இதுதான். கார் முழுக்க முழுக்க அவன் கைக்குள் இருக்கிற இடமும் இதுதான்.

மண்ணும் இரவு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் தண்ணீர் விட்ட ஈரத்தில் டயர் ஒட்டிக்கொள்ளும். சுற்றுக்கள் ஏற ஏற நடுப்பாதை காய்ந்து, தேய்ந்து, சிமெண்டுத் தரை மாதிரி பளபளக்கும், பிடிப்புப் போய்விடும். உதிர்ந்த மண் வெளி ஓரத்தில் வரப்பு மாதிரி சேரும். அதைக் 'குஷன்' என்கிறார்கள். துணிந்தவன் வலது பின்சக்கரத்தை அந்த வரப்பில் சாய்த்துக்கொண்டு ஓட்டுவான். வரப்பைத் தாண்டினால் சுவர். எனவே ஒன்பது மணிக்குச் சரியாக இருந்த பாதை பத்து மணிக்குச் சரியாக இராது. பழகிய ரசிகர்கள் காரைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்க்கிறார்கள். அயோவா விவசாய நாடு; நிறத்தைப் பார்த்து மண்ணின் ஈரம் சொல்ல அங்கே பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணைப் படம் பிடிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். என் கட்சியின் பலம் இங்கேதான் இருக்கிறது.

மணிக்கு 120 மைல் என்றால் வினாடிக்கு 176 அடி. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குத் திறந்தால் அதற்குள் கார் இரண்டு அங்குலம் நகர்ந்துவிடும். அறுபதில் ஒரு பங்குக்குத் திறந்தால் மூன்றடி. முதல் வழியில் எல்லாம் கூர்மையாக விழும். சக்கரத்தின் போல்ட்டுக்களை எண்ணலாம். ஆனால் சுற்றாத சக்கரத்தோடு, யாரோ தோட்டத்தில் நிறுத்தி வைத்த கார் மாதிரி இருக்கும். இரண்டாவது வழியில் காமிராவையும் காரோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே போகவேண்டும். இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். திருப்பம் காரின் வேகத்துக்குச் சரியாக இருந்தால் கார் தெளிவாகவும் உலகம் கோடுகளாகவும் விழும். இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. இது தவிர, கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் நேரம் போய்விடுகிறது. அரை வினாடி தாமதித்தால் கார் 88 அடி தாண்டிப் போயிருக்கும். ஆகவே கார் இருக்கும் இடத்தைப் பார்த்து அழுத்தினால் காலி மண்தான் கிடைக்கும். கார் வரப்போகிற இடம் தெரிந்திருக்கவேண்டும். யார் இன்றைக்கு வெளி ஓரத்தில் ஓட்டுகிறான், யார் உள்ளே நுழையப் பார்க்கிறான், எந்த இடத்தில் மண் வழுக்குகிறது என்பதெல்லாம் முன்கூட்டித் தெரிந்திருக்கவேண்டும்.

பயந்தவளுக்குப் படம் விழாது என்றுதான் இதற்கு அர்த்தம். நல்ல படம் ஒன்று கையில் கிடைத்தால், அதை எடுத்தவள் அந்தப் பந்தயத்தை அறிந்தவள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவள் கண் திறந்திருந்தது. அதுமட்டுமல்ல, அரை வினாடி முன்னாலேயே போய் அங்கே காத்திருந்தது.

தப்பிப்போய் நல்ல படம் விழுவதும் உண்டு என்று சொல்வீர்கள். உண்டுதான். பிரெஞ்சுக்காரர் லார்த்திக் 1912-ஐ ஒட்டி எடுத்த பந்தயப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். காரின் பின்சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும். ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் பின்னால் சாய்ந்திருப்பார்கள். வேகத்துக்கு அதைவிட நல்ல படம் கிடையாது என்று புகழ்கிறார்கள். அவர் காமிராவைக் காரோடு திருப்பினார், போதிய வேகத்தில் திருப்பவில்லை. அந்தக் காமிராவின் ஷட்டர் ஒரு சந்து மாதிரி மேலும் கீழும் நகருவது. அதனால் வந்த கோணல் அது. எடுத்தபோது கெட்டுப்போன படம் என்று ஒதுக்கிவிட்டாராம். 1963-இல் நியூயார்க் கலைக்கூடத்தில் அவருடைய படங்களைக் காட்டிய பிறகுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. ஒரு கோணலால் ஒரு படம் பிழைக்கலாம். வாரா வாரம் கோணலை நம்பிக் களத்தில் நிற்க முடியாது. மண் தடத்துக்கு வரும் பெண்களோ சனிக்கிழமைதோறும் எடுக்கிறார்கள், ஒரு வருஷம் அல்ல, பத்து வருஷம்.

அவர்களுடைய கருவிகளையும் பார்க்கவேண்டும். வளைவில் கார்கள் மண்ணாங்கட்டியை வாரி அடிக்கும். லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி ஒன்று, காமிராவுக்கு மேலே பிளாஸ்டிக் பை ஒன்று. கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும், காதுக்கும் அடைப்பான் வேண்டும். மேடையில் கீழ் வரிசைகளில் உட்காருகிறவர்களுக்கும் இதே கதிதான். அங்கே கைக்குட்டைக்கு வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. மூக்கில் அடைத்த மண்ணைத் துடைக்கத் துண்டே வேண்டியிருக்கிறது.

இவர்கள் காமிராவோடு உள்ளே வந்தது சுலபத்தில் நடக்கவில்லை. அமெரிக்கப் பந்தயக்காரர்களுக்கு மூட நம்பிக்கைகள் அதிகம். பச்சை வர்ணம் ஆகாது, வேர்க்கடலை ஆகாது, பிட்டில் பெண் ஆகாது. வேர்க்கடலைக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கியவர் யாரும் இல்லை. இண்டியானாபோலிஸில் 1971 வரையில் பெண் நிருபர்களைப் பிட்டுக்கும் கார்க் கொட்டகைகளுக்கும் விடவில்லை. அது களிமண் தடம் அல்ல. ஆனால் அங்கே ஓட்டியவர்களில் பெரும்பாலோர் களிமண்ணில் வளர்ந்தவர்கள். பெரிய இடத்தில் இருந்த வழக்கம் சிற்றூர்த் தடங்களிலும் இருந்தது. பெண்ணுக்கு ஆசை மிகுந்தால் 'பவுடர் பஃப்' பந்தயம் என்று ஒன்று வைத்தார்கள். பந்தயக்காரர்களின் மனைவிமாரும் சிநேகிதிகளும் நாலு சுற்று ஓட்டலாம், ஜனங்கள் சிரிக்கலாம். முகத்துக்குப் பவுடர் போடுகிற பஞ்சின் பெயரை அதற்கு வைத்தவரின் ரசனையை நான் வியக்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு வேடிக்கை. பிட்டில் கால் வைக்கக்கூடாத அதே பெண்கள்தான் பந்தயத்தின் கணக்கை எழுதினார்கள். இயந்திரம் கணக்கு வைக்காத காலம். ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் மேடையில் உட்கார்ந்து, அந்தக் கார் கோட்டைத் தாண்டும் போதெல்லாம் மணியைப் பார்த்துக் குறிக்கவேண்டும். பல பேருக்கு அந்த வேலையைச் செய்தவள் மனைவி. கணவன் வளைவில் சறுக்கும்போது அவள் கண்ணை மூடினால் ஒரு சுற்று காணாமற்போய்விடும். அவன் சம்பாதித்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். அவளுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்குமா? இருந்திருக்கும். பயத்தையும் வைத்துக்கொண்டு பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'தி க்ரௌட் ரோர்ஸ்' காலம் முதல் எத்தனையோ பேர் பந்தய மேடையைப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பென்சில் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓட்டியே பார்த்தவர்களும் உண்டு. 1949 ஜூன் 19-ஆம் தேதி வட கரோலினாவில் ஷார்லட் நகரத்து மண் தடத்தில் நாஸ்கார் சங்கத்தின் முதல் பெரிய பந்தயம் நடந்தபோதே ஸாரா கிறிஸ்டியன் என்ற பெண் ஓட்டினாள். அந்த வருஷமே லாங்ஹார்னில், ஒரு மைல் வட்டமான மண் தடத்தில், ஆறாவதாக வந்தாள். ஜெயித்த கர்ட்டிஸ் டர்னர் தன்னோடு வந்து நிற்கும்படி அவளை அழைத்துக்கொண்டான். அடுத்து பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹைடல்பர்க் மண் தடத்தில் ஐந்தாவது. நாஸ்காரின் உயர்ந்த வரிசைப் பந்தயங்களில் அதைவிட மேலான இடத்தை இன்று வரையில் எந்தப் பெண்ணும் பிடிக்கவில்லை. எத்தல் மோப்லி என்பவள் அதே வருஷம் டேடோனாவில் கடற்கரை மணலில் ஓட்டி, பந்தயப் புலிகளான தன் சகோதரர்களில் இருவரைப் பின்னால் விட்டாள். களிமண்ணில் இன்றைக்கும் இந்த வரிசை அறுபடவில்லை. 2004-இல் எரின் க்ராக்கர் கலிபோர்னியாவில் ஸ்பிரிண்ட் கார்களின் முதல் தரப் பந்தயத்தில் ஜெயித்தாள். 2023-இல் ஜேட் அவெடிஸியன் சிறு ரகக் கார்களின் தேசிய வரிசை ஒன்றில் சாம்பியன் ஆனாள்.

எனக்குப் பிரியமானவள் லூயிஸ் ஸ்மித்தான். தென் கரோலினாவில் கிரீன்வில் ஊர்க்காரி. 1946-இல் முதல் பந்தயத்துக்கு அழைத்தபோது, சிவப்புக் கொடியைப் பார்த்தால் நிறுத்தவேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தார்களாம். கட்டம் போட்ட கொடி காட்டிப் பந்தயம் முடிந்துவிட்டது, எல்லாரும் நின்றுவிட்டார்கள், சிவப்புக் கொடி வரவில்லையே என்று அவள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தாள். மறு வருஷம் டேடோனாவுக்குப் பந்தயம் 'பார்க்க'ப் போவதாகச் சொல்லிவிட்டுக் கணவனின் புதுக் காரை எடுத்துக்கொண்டு போனாள். பார்ப்பதோடு நிற்க முடியவில்லை. காரை உருட்டிவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினாள். 'கார் எங்கே?' என்று கணவன் கேட்டான். வழியில் ஜார்ஜியாவில் கெட்டுப்போய் நிற்கிறது என்றாள். அவன் பேசாமல் அன்றைய பத்திரிகையை எடுத்து நீட்டினான். முதல் பக்கத்தில் நொறுங்கிய காரின் படம்! அவளே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. 1999-இல் சர்வதேச மோட்டார்ப் பந்தயக் கீர்த்தி மண்டபத்தில் முதல் பெண்ணாக அவள் பெயரைச் சேர்த்தார்கள்.

அந்தப் பத்திரிகைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நொறுங்கிய காரைத்தான் பத்திரிகை எப்பொழுதும் கேட்கிறது. பெண்ணைக் கேட்டால் ஜெயித்தவனுக்குக் கோப்பையைக் கொடுத்துக் கன்னத்தில் முத்தமிடுகிற அழகியைக் கேட்கிறது. இந்த இரண்டு படங்களையும் எடுக்கப் பந்தயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கவிழ்ந்த கார் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. அதை எடுத்தவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்பதைத் தவிர வேறு எதையும் அந்தப் படம் சொல்வதில்லை. கோப்பை அழகி படமும் அப்படியே. நான் பார்த்த பெண்களுடைய படங்களில் இந்த இரண்டும் குறைவு. சறுக்கலும் மண்ணும் அதிகம்.

இங்கே ஒரு விமர்சனத்தை மறுக்கவேண்டியிருக்கிறது. பெண் எடுத்த படம் என்றவுடன் சிலர், 'ஆண்கள் காரைப் பார்க்கிறார்கள், பெண்கள் மனிதரைப் பார்க்கிறார்கள்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஓட்டுகிறவனின் குழந்தை, மண் படிந்த முகத்தில் கண்ணாடி மறைத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருப்பது, சக்கரத்தின் மேல் சாய்ந்து தூங்கும் பையன் — இவற்றைத் தேடிப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். இதைப் புகழ்ச்சி என்று நினைத்தே செய்கிறார்கள். கைக்குட்டையைத்தான் திரும்பவும் கையில் திணிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. சில நன்றாகவும் இருக்கின்றன. ஆண்கள் எடுத்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது வேறு ரகம். இரண்டு கார்கள் நாலாவது வளைவில் பக்கத்தில் பக்கத்தில் சறுக்குகின்றன. உள்ளே இருப்பவனின் முன்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியிருக்கிறது. வெளியே இருப்பவனின் பின்சக்கரம் வரப்பின் மேல் ஏறி, சுவருக்கும் அதற்கும் நடுவில் மண் விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. விளக்கு வெளிச்சம் அந்த விசிறிக்குள் புகுந்து வருகிறது. குழந்தையும் இல்லை, கண்ணீரும் இல்லை. எடுத்தவள் பெண் என்பதற்குப் படத்தில் ஒரு தடயமும் இல்லை. அவளுக்குக் கார் பிடிக்கும் என்பதற்கு மட்டும் இருக்கிறது.

பிடிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நம்மில் பலர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. ஆண் இப்படிப்பட்ட ஆபத்தை ரசித்தால் விளையாட்டுப் பிரியன் என்கிறோம். பெண் ரசித்தால் நெஞ்சில் ஈரம் இல்லாதவள் என்கிறோம். ஆபத்து பொய் அல்ல. 2016 ஆகஸ்டில் கான்ஸாஸ் மாகாணத்தில் பெல்வில் என்ற ஊரின் அரை மைல் மண் தடத்தில் ப்ரையன் க்ளாஸன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது விபத்து நேர்ந்தது. மறுநாள் இறந்துபோனான். வயது 27. அவன் உடலின் உறுப்புக்களைப் பிறருக்குத் தானம் செய்தார்கள். அவனைப்போல ஒரே வருஷத்தில் அத்தனை மண் தடங்களில் ஓட்டியவர்கள் அபூர்வம். ஊர் ஊராக அவனைப் படம் எடுத்திருந்தவர்களுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படங்களில் ஒவ்வொன்றிலும் அவன் கார் அவன் கைக்குள் இருக்கிறது.

ரசிப்பதற்கும் விபத்தை விரும்புவதற்கும் சம்பந்தம் இல்லை என்று மண் தடத்துக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. ஆபத்து இல்லாவிட்டால் அந்தச் சறுக்கலில் அழகு இருக்குமா? கம்பி இல்லாத இடத்தில் கழைக்கூத்தைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்? ஆபத்தும் அழகும் அங்கே ஒன்றாகத்தான் கலந்திருக்கின்றன. பிரித்தெடுக்கிற வித்தை யாரிடமும் இல்லை. ஆனால் விபத்துக்காகவே வருகிறவன் வளைவைப் பார்ப்பதில்லை, அலுப்போடு காத்திருக்கிறான். வளைவைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கிறது; அவளுக்கு விபத்து என்பது நல்ல வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்ட மாதிரி. பயந்து கண்ணை மூடுகிறவளைவிட இவள்தான் ஓட்டுகிறவனை மதிக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். அவன் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற காரியம் இன்னது என்று இவளுக்குத் தெரிகிறது.

நொறுங்குகிற நிமிஷத்தில் ஷட்டரை அழுத்துவதா, காமிராவை இறக்குவதா? இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. தடத்தின் நடுவே நிற்கிறவளுக்குக் கவிழ்கிற கார் தன் மேலேயே வரலாம். கார்களுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பது அங்கே முதல் பாடம். அந்த இடத்தில் நின்று பார்க்காதவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நியாயம் சொல்வது எனக்குப் பிடிக்காது.

கடைசியாக, இந்தப் படங்களில் நான் அதிகமாக எதிர்பார்த்து, குறைவாகவே கண்டது ஒன்று உண்டு. தடத்துக்கு முதுகைக் காட்டாமல் மேடையை எடுப்பது கஷ்டம் என்பதால் இருக்கலாம். மேடையில் இருக்கும் பெண்களை அவர்கள் அவ்வளவாக எடுப்பதில்லை. அபூர்வமாக எடுத்தவற்றில் ஒன்று என் மேஜைமேல் இருக்கிறது. ராத்திரி, ஐந்தாறு வரிசைகள். நடுத்தர வயதுப் பெண்கள், கிழவிகள், பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர். எல்லாருடைய கன்னத்திலும் மண். ஒருத்தி பாதி எழுந்து நிற்கிறாள். இன்னொருத்தி எதையோ சொல்லப் பக்கத்தில் இருப்பவளின் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், ஆனால் முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை. அத்தனை தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கின்றன. முதல் வளைவு அந்தப் பக்கம்.